பினாங்குக்காரரின் காதுகள்

இல்லாத ஆள் ஒருவர் பங்குனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்றே முக்கால் பஸ்ஸில் வந்து, எங்கள் நெரிஞ்சிப்பாளையம் நிறுத்தத்தில் இறங்கினார். கையில் பழுப்புப் பெட்டி, பத்து விரலுக்கும் மோதிரம், மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. நேராக வையாபுரி அண்ணன் டீக்கடைக்குப் போய், "எனக்குச் சர்க்கரை வேண்டாமுங்க" என்றார். அண்ணன் அதற்கு முன்னாலேயே சர்க்கரை போடாமல்தான் ஆற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்குச் சர்க்கரை வியாதி என்று ஐந்து மாசத்துக்கு முன்னால் ஊருக்கெல்லாம் சொன்னதே அண்ணன்தான்.

ஏன் இல்லாத ஆள் என்கிறேன் என்றால், அவரை உண்டாக்கினதில் எனக்கும் பங்கு இருக்கிறது. என் பேர் பேபிகலா. எட்டாவது வரை படித்தேன். கொசுவலை தைக்கிறேன். பதினோரு மாசக் குழந்தைக்குத் தாயாகியும் ஊர் என்னை ‘பேபி’ என்றுதான் கூப்பிடுகிறது, அதற்கும் நான் பதில் சொல்வதில்லை. ரேஷன் கடையில் என் பேரைக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவள்தான் ‘இருக்கா’ என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட நான் ஒன்றரைப் பவுன் செயினைத் தூக்கிக்கொடுத்து ஏமாந்த கதையை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், பேசத்தான் வெட்கம், எழுத இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசியில் இன்பசேகர் என்று ஒருவர் ஊருக்கு வந்தார். ஜிப்பா போட்டிருந்தார், பேசும்போதே பாதி பாட்டாக இருந்தது. எங்கள் வலைக்கூடத்துக்கு எதிரே காலியாகக் கிடந்த குடோனை வாடகைக்கு எடுத்து, ‘மின்மினி மகாராணி’ என்று ஒரு இசை நாடகம் போடப்போகிறேன், ஐம்பது பேர் பாடி ஆடுவார்கள், மேடை சுற்றும், மேடைக்குள்ளேயே மழை பெய்யும், முதல் ஆட்டம் இந்த ஊரில், அடுத்தது சென்னை, அப்புறம் சிங்கப்பூர் என்றார். செலவு நாலு கோடியும் பினாங்கு அம்பலவாணர் போடுகிறார், ஊர்க்காரர்கள் கொஞ்சம் முன்பணம் போட்டால் அவருக்கு ஒரு நம்பிக்கை வரும், போட்டவர்களுக்கு ஒன்றுக்கு மூன்றாகத் திருப்புவார் என்றும் சொன்னார்.

அவர் சொன்னது அந்தப் பேர் ஒன்றைத்தான். சத்தியமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதியெல்லாம் நாங்கள் செய்தது.

எங்கள் ஊரில் ‘எனக்குத் தெரியாது’ என்பது வாயில் வரக் கூடாத வார்த்தை. வெளியூர்க்காரர் இல்லாத தெருவுக்கு வழி கேட்டாலும் இரண்டு திருப்பம் சொல்லி அனுப்பி, அங்கே போனால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்போம். அதனால் அம்பலவாணர் என்ற பேர் காதில் விழுந்ததுமே வையாபுரி அண்ணன், "ஓ, அந்தச் சர்க்கரைக்காரருங்களா?" என்றார். இன்பசேகர் ஒரு நிமிஷம் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "அவரேதான்" என்றார். அதோடு வழி திறந்துவிட்டது.

வலைக்கூடத்தில் நாங்கள் பதினாலு பேர். ஒருத்தி துணி வெட்டுவாள், ஒருத்தி மேல்பக்கம் மூட்டுவாள், ஒருத்தி ஓரம் மடிப்பாள், ஒருத்தி கயிறு கோக்க நாலு மூலைக்கும் காது வைத்து முடிச்சுப் போடுவாள். முடிந்த வலையைப் பார்த்து இது யார் தைத்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அம்பலவாணரையும் அப்படித்தான் தைத்தோம். துணி வெட்டும் ருக்குமணியக்கா அவருக்கு இடது கால் தாங்கித் தாங்கி நடப்பார் என்றார். இல்லை, வலது கால் என்று கீழத்தெருப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒருத்தி பத்து மோதிரம் போட்டாள். ஒருத்தி சம்சாரம் செத்து இருபது வருஷமாகியும் இன்னொரு கல்யாணம் பண்ணவில்லை என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ, மூலைக்கு முடிச்சுப் போட்டபடியே நானும் வாயைத் திறந்து, "அவருக்குக் காது ரொம்பக் கூர்மையாமா. எங்க யாரு மெல்லமாப் பாடினாலும் நின்னு கேட்டுட்டுத்தான் போவாராமா" என்று சொல்லிவிட்டேன். தையல் மெஷின் எல்லாம் நின்றுபோனது. நான் சொன்னதற்காக இல்லை, நான் பேசிவிட்டேன் என்பதற்காக.

நான் ஏன் அதைச் சொன்னேன் என்றால், வேலைக்கு நடுவில் கூடத்து மூலையில் தொட்டில் கட்டி என் மகள் தன்ஷிகாவை ஆட்டுவேன். அப்போது வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எனக்கே கேட்காத குரலில் நானாகக் கட்டின ஒரு தாலாட்டைப் பாடுவேன். அதை ஒரு நாள் இன்பசேகர் கேட்டுவிட்டார். "அம்மா, இந்தக் குரலைத்தான் நான் ஏழு மாவட்டமாத் தேடிட்டிருக்கேன். நீங்க மேடைக்கு வர வேண்டாம். திரைக்குப் பின்னால நின்னு பாடினாப் போதும், ஒரு கண்ணும் உங்களைப் பாக்காது" என்றார். வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும், ஊரே கேட்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். இதே வார்த்தையை அவர் பதினோரு பெண்களிடம் சொல்லியிருந்தார் என்பது பிற்பாடு போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போதுதான் தெரிந்தது. ஏழு மாவட்டம் என்ற கணக்கைக்கூட அவர் யாருக்கும் மாற்றவில்லை.

என்னிடம் காசு ஏது. தன்ஷிகாவைத் தொட்டிலில் போட்ட அன்றைக்கு என் அண்ணன் செல்வராசு போட்ட செயின் இருந்தது, தாமரை டாலர் வைத்தது. பல்லடம் மில்லில் எட்டு மாசம் ரெட்டை ஷிப்டு பார்த்து வாங்கினது. சித்திரையில் குழந்தைக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடியில் உட்காரும்போது அந்தச் செயின் கழுத்தில் இருக்க வேண்டும். அதற்குள் ஒன்று மூன்றாகிவிடும் என்று, வீட்டுக்காரரிடம் சொல்லாமல், கொடுத்துவிட்டேன். நாற்பது வீடு கொடுத்தது. நான் ஒருத்திதான் முட்டாள் இல்லை என்பதில் அப்போது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது, ஆனால் மற்றவர்கள் மூன்று மடங்குக்காகக் கொடுத்தார்கள், நான் பாட்டுக்காகக் கொடுத்தேன். ஆகவே வரிசையில் எனக்குத்தான் முதலிடம்.

மாசியில் நாடகத்தன்று எட்டு ஊரிலிருந்து ஜனம் வந்து மைதானத்தில் உட்கார்ந்தது. மேடைத் திரையை நாங்களேதான் கொசுவலையில் ஜரிகை வைத்து அறுபது அடிக்குத் தைத்திருந்தோம். மூன்று மணிக்கு ஆரம்பம் என்றார்கள். இன்பசேகரின் போன் அணைந்திருந்தது. பாடுகிற ஐம்பது பேரும் வரவில்லை, திரைக்குப் பின்னால் பாட வந்த பதினோரு பேர்தான் மைதானத்து ஓரத்தில் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலரைக்கு யாரோ கோபத்தில் கயிற்றை இழுக்க, திரை இரண்டு பக்கமும் அழகாக ஒதுங்கி விலகியது. பின்னால் மேடையே இல்லை. சோளக்காடும், அதில் கட்டிப்போட்ட ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆடு கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது. நாங்கள் போட்ட நகைக்கும் பணத்துக்கும் கிடைத்த இசை அவ்வளவுதான்.

அதற்கு ஒன்பதாம் நாள் அம்பலவாணர் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டால் முன்னே பார்த்ததில்லை என்று ஆகிவிடுமே. மேலத்தெருவில் நடக்கும்போது அவர் இடது காலைத் தாங்கினார், நடுவிலுள்ள தண்ணீர்க் குழாயைத் தாண்டிக் கீழத்தெருவுக்குள் போனதும் வலது காலைத் தாங்கினார், இரண்டு தெருவும் ‘நான் சொன்னேன்ல’ என்று தலையை ஆட்டிக்கொண்டது. அவர் மந்தையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, நாலு கோடி தருவதாக என் பேரில் வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, கொடுத்துவிடுகிறேன் என்று பெட்டியைத் திறந்தார். கோடி ரூபாயை நாங்கள் சினிமாவில்தான் பார்த்திருக்கிறோம். அதனால் பெட்டிக்குள்ளும் சினிமாப் பணம்தான் இருந்தது, ஒவ்வொரு கட்டுக்கும் மேலே ஒரு ஐநூறு, நடுவிலெல்லாம் வெள்ளைத்தாள். அந்த ஐநூறும் ஒரு பக்கம்தான் அச்சாகியிருந்தது, மறுபக்கத்தைப் படத்தில் காட்டுவதில்லை. அவர் அதைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டார். எங்களுக்குத்தான் சங்கடமாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் நன்றாக நினைத்திருக்கலாம். தாளைப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்தோம். அவருக்கு வீட்டுக்கு ஒரு நாள் சோறு என்று முறை வைத்தோம்.

ருக்குமணியக்காதான் முதலில் கவனித்துச் சொன்னார். "பேபி, எல்லாஞ் சரி, மனுசனுக்குக் காது குத்தலையே." அவருடைய காதுகள் பெரியவை, வெயில் பட்டால் உள்ளே சிவப்பாகத் தெரியும், சத்தம் வந்த பக்கம் கன்றுக்குட்டியின் காதுபோலத் திரும்பும். ஆனால் ஓட்டை இல்லை. காது வைத்தவள் நான், குத்த மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் ஆணோ பெண்ணோ காது குத்தாத ஆளே கிடையாது. அக்கா அவரிடமே கேட்டுவிட்டார், அதற்கு அவர், "எனக்குத் தாய்மாமன் ஆருமில்லீங்களே" என்றார். அவருக்கு அப்பா அம்மா வைக்கக்கூட எங்களில் ஒருத்திக்கும் தோன்றியிருக்கவில்லை.

மத்தியானங்களில் அவர் வலைக்கூடத்துக்கு வெளியே வந்து நிற்பார். நான் வலைக் குவியலுக்குப் பின்னால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே,

நாலு முடிச்சு வலைக்குள்ளே
நட்சத்திரம் தூங்குதடி,
கொசுவே, நீ பாட வேண்டாம்,
கூலி இங்கே எனக்குத்தான்

என்று பாடுவேன். ஆள் நிற்பது தெரிந்து ஒரு நாள் பாதியில் நிறுத்திவிட்டேன். வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "நிறுத்தாதீங்க அம்மிணி. இதைக் கேக்கத்தானுங்க வந்தேன்" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எதையும் என்னிடம் கேட்க வந்ததில்லை, வலை பாக்கியைத் தவிர. அன்றிலிருந்து தினம் பாடினேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறியது. தூங்க வேண்டிய தன்ஷிகா தூங்காமல் கேட்க ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கையில் இன்பசேகரை ஓசூரில் ஒரு லாட்ஜில் பிடித்துவிட்டார்கள். காசையெல்லாம் செலவழித்திருந்தார், நகைகளில் பாதிக்கு மேல் பையோடு கிடைத்தது, தாமரை டாலர் உட்பட. எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். இல்லாத ஆளைக் காட்டிப் பணம் பறித்தார் என்பதுதானே வழக்கு, ஆள் இருக்கிறாரே, ஊரே முறை வைத்துச் சோறு போடுகிறதே, அப்படியானால் இது மோசடி இல்லை, நாடகம் நொடித்துப்போனது, போட்டவர்களுக்கு நஷ்டம், அவ்வளவுதான் என்றார். இன்ஸ்பெக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, அம்பலவாணர் என்று ஒருவர் கிடையாது, நாங்கள் பார்த்ததும் இல்லை என்று ஆளாளுக்கு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், போட்டவர்கள் பொருளை மீட்டுக்கொள்ளலாம், போடாதவர்கள் அதை மறந்துவிடலாம் என்றார். காதுகுத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ஊர் தயங்கியது. அம்பலவாணர்தான் வற்புறுத்தினார். "நான் இருக்கறதுனால உங்களுக்கெல்லாம் நட்டமுங்க. எழுதிக் குடுத்துருங்க" என்று அவரே எங்களோடு வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வையாபுரி அண்ணன் போட்டார். போட்ட கையோடு அம்பலவாணரின் சர்க்கரை வியாதி போய்விட்டது. ஏட்டு கொடுத்த டீயில் மூன்று கரண்டி சர்க்கரை கேட்டு வாங்கிக் குடித்து, உதட்டை நக்கிக்கொண்டு, "இம்புட்டு ருசியாங்க இருக்கும்" என்றார். ருக்குமணியக்கா கையெழுத்தில் இடது கால் போனது. கீழத்தெரு வரிசையில் வலது கால் போனது. மோதிரம் ஒவ்வொன்றாகப் போனது, வேட்டி போவதற்கு முன்னால் நல்லவேளையாக இடுப்பு போயிருந்தது. செத்த சம்சாரம் போனாள், அந்தத் துக்கமும் போனது. எங்கள் ஜனம் மூக்கைச் சிந்திக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டது. போட்டுவிட்டு, தன் நகைதானா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டது. கடைசியில் பெஞ்சின் சாய்மானத்தில் இரண்டு காதுகள் மட்டும் பாக்கி.

என் முறை வந்தது. இன்ஸ்பெக்டரம்மா செயினை எடுத்து மேசையில் வைத்தார். டாலரில் தன்ஷிகாவின் முதல் பல் பட்ட தடம் இருந்தது. நான் பேனாவை வாங்கி என் வீட்டுக்காரர் தனபாலின் ‘த’வை இனிஷியலாகப் போட்டேன், பேனா கீறும் சத்தத்துக்கு அந்தக் காதுகள் இரண்டும் என் பக்கம் திரும்பின. பயந்து திரும்பவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று திரும்பின.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "இவரு இருக்காருங்க" என்றேன்.

"யாரும்மா?"

"இவரு. எனக்கு இருக்காருங்க."

ருக்குமணியக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, ஊமையாவே இருந்திருக்கலாமேடி நீ. பேசக் கூடாத நாளாப் பாத்தா வாயைத் திறப்பே? உங்கண்ணனுக்கு என்ன சொல்லுவே?" என்றார். எதிர் நாற்காலியிலிருந்த இன்பசேகரின் வக்கீல் குதித்து எழுந்து, பாருங்கள், காது இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார் என்றார். இன்ஸ்பெக்டரம்மா யோசித்து, இரண்டு காது நாலு கோடி முதல் போட முடியாது, வழக்கு நிலைக்கும், இந்தம்மா பொருள் மட்டும் கிடைக்காது என்று செயினைத் திரும்பப் பைக்குள் போட்டார். ஒன்றரைப் பவுனுக்கு இரண்டு காது வாங்கின ஒரே பொம்பளை இந்த ஜில்லாவில் நான்தான். முதல் தடவை தெரியாமல் ஏமாந்தேன், இரண்டாம் தடவை முழுசாகத் தெரிந்தே ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

காதுகளை வலைத்துணியில் பொதிந்து கொண்டுவந்து தொட்டில் கம்பில் தொங்கவிட்டேன். சாயங்காலம் பஸ் பாடி கட்டும் பட்டறையிலிருந்து வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "அதென்ன, காளானா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பக் குழம்பு வெக்கிறதுதானே" என்றார். காதுகுத்துக்குக் கறி ஆக்கப்போகிறோம், அதுவரை வேண்டாம் என்று சமாளித்தேன். அவர் வேலைக்குப் போனதும் காதுகளுக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாள் ‘அண்ணா’ என்றதோடு சரி. இரண்டாம் நாள் ‘அண்ணா, அந்தச் செயின்’ வரைக்கும் வந்தேன். மூன்றாம் நாள் முழுசாகச் சொல்லி முடித்தேன். காதுகள் ஒரு தடவைகூட வேறு பக்கம் திரும்பவில்லை.

நாலாம் நாள் காலையில் குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தன்ஷிகாவை அண்ணன் மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியைத் துடைத்தார். அண்ணன் பையிலிருந்து புதுக் கம்மலை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுக் குழந்தையின் கழுத்தைத் தடவி, என் பக்கம் நிமிர்ந்தார்.

"செயின் எங்க பாப்பா?"

ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மடியில் வலைத்துணிப் பொதி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது தாலாட்டுக் குரல் ஒன்றுதான், அதனால் அதே ராகத்தில், ஜிப்பாவில் ஆரம்பித்து, திரைக்குப் பின்னால் பாடலாம் என்ற ஆசையைச் சொல்லி, ஆடு கத்தினதைச் சொல்லி, பினாங்குக்காரர் வந்ததையும் போனதையும் சொல்லி, உன் எட்டு மாச ரெட்டை ஷிப்டை நான் ரெண்டு காதுக்குக் குடுத்துட்டேன் அண்ணா என்று முடித்தேன். கடைசி வரிசையில் கறி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வரைக்கும் கேட்டதாம். எல்லோருக்கும் முன்னால் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, பாடியாகிவிட்டது, பாட்டுத்தான் இப்படி அமைந்தது.

அண்ணன் தட்டிலிருந்த கம்மலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மில் பஞ்சில் பழுத்த கண்கள், எதையும் எளிதில் காட்டாதவை. என் வீட்டுக்காரர்தான் மெல்ல, "உனக்கு இத்தனை சத்தம் வருமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார். முதல் பாதி கோபமா இரண்டாம் பாதி கோபமா என்று எனக்கு இன்னமும் பிடிபடவில்லை.

அப்புறம் அண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்த மனுசனுக்குத் தாய்மாமன் இல்லைன்னா சொன்னாரு?"

"ஆமாண்ணா."

"ம்." குழந்தையை மடியில் சரியாக இருத்திக்கொண்டார். என் மடியிலிருந்த பொதியையும் வாங்கி இன்னொரு தொடையில் வைத்துக்கொண்டார். "ஆசாரி, குத்துங்க. நீ பாடு பாப்பா, புள்ள அழுவாம இருக்கும்."

நான் பாடினேன். ஊசி இறங்கும்போது தன்ஷிகா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. ஆசாரி ஒரு காது, மறு காது என்று முடித்து மஞ்சள் தடவினார். பொதியை அவர் தொடவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செயின் விஷயமாக அண்ணன் அதற்கப்புறம் சொன்னது ஒன்றே ஒன்று. ஊருக்குப் போகும்போது, சத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டது நல்லது, ஆனால் இனிமேல் நகை விஷயத்தில் மட்டும் முன்னாலேயே பேசு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து பொதியைப் பிரித்தேன். இரண்டு காதிலும் பொடிசாக ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ஈரம் காயாத மஞ்சள். தொட்டில் கம்பில் மாட்டினேன், என் பக்கம் திரும்பிக்கொண்டன. இப்போது என் கவலையெல்லாம் வேறு. குத்தின காது தூர்ந்துபோவதற்குள் ஒரு ஜோடிக் கம்மல் போட வேண்டும், பவுன் விற்கிற விலையில் ஒரு பொட்டுத் தங்கத்துக்கு எத்தனை கொசுவலைக்கு மூலை முடிய வேண்டும் என்று பார்த்தேன், முந்நூற்றுச் சொச்சம் வருகிறது. அதுவரைக்கும் வேப்பங்குச்சி செருகி வைத்திருக்கிறேன்.